பரண் மேலே ஒரு வில்

'பரண்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சமையலறையில் கை எட்டாத உயரத்தில் இருக்கிற அந்த இருட்டு மூலைதானே? ஈயம் போன அண்டா, கால் ஒடிந்த மணை, நவராத்திரிக்கு நவராத்திரி கீழே இறங்குகிற கொலுப் பொம்மைப் பெட்டி, ஆசையாய் வாங்கி எதற்கும் உதவாமற்போன சாமான்கள் எல்லாம் குடியிருக்கும் இடம். ஒரு காரியத்தை ஒத்திப்போட வேண்டுமானால்கூட, "தூக்கிப் பரண் மேலே போடு" என்கிறோம். பாவம், பரண்! காட்டிலும் தினைப்புனத்திலும் அது ராஜாங்கம் செய்த காலம் ஒன்று உண்டு.

சங்கப் புலவர்கள் அதற்கு 'இதணம்' என்று பெயர் சொன்னார்கள். 'கழுது' என்றும் சொன்னார்கள். நான்கு கால் நட்டோ, மரக்கிளையிலேயே கட்டியோ, மேலே தழை வேய்ந்து, தினை முற்றுகிற நாட்களில் குறவர் வீட்டுப் பெண்கள் அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள். கிளியை ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று விதவிதமான கருவிகள். பக்கத்தில் கவண் கல். இரவில் ஆண்களின் முறை. பன்றியும் யானையும் பறவைகளைப் போலப் பகலில் சொல்லிக்கொண்டு வருவதில்லை அல்லவா?

வள்ளியம்மை உட்கார்ந்திருந்ததும் இப்படி ஒரு பரணில்தான். கந்தபுராணக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களோ? வள்ளி ஒரு மானின் வயிற்றில் பிறந்தவள். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் அவளைக் கண்டெடுத்து வளர்த்தவன் வேடர் தலைவன் நம்பி. அவளைத் தேடி முருகன் வந்த முதல் வேஷமும் வேடன் வேஷமே. மரத்தின் மேல் வேடன், கீழே மான் என்பது உலக வழக்கம். இங்கேயோ மானின் மகள் பரண் மேலே. வில்லும் கையுமாக வேடன் கீழே! அன்று காயப்பட்டது யார் என்பதைத் திருத்தணிக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். திருவள்ளூர் மாவட்டத்து அந்த மலையில்தான் கல்யாணமே நடந்தது என்பது நம்மவர் நம்பிக்கை.

வடக்கே பரணுக்கு 'மச்சான்' என்று பெயர். சிரிக்காதீர்கள், நிஜந்தான். 'மஞ்சம்' என்ற சம்ஸ்கிருதச் சொல்லின் வழியில் வந்தது. ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளை முதன்முதலாகப் படிக்கும் நம்மவர், "புலி வரும்வரை மச்சான் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்" என்ற இடத்தில் கொஞ்சம் திகைக்கத்தான் வேண்டும். யார் வீட்டு மச்சான் அவ்வளவு பொறுமைசாலி?

சரி, மானை வேட்டையாட மரம் ஏறுவானேன்? தரையிலேயே பதுங்கி நின்று அடித்தால் என்ன?

அடிக்கலாம், மான் சம்மதித்தால்! அதற்குக் கண் முகத்தின் இரு புறங்களிலும் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் பார்த்துவிடும். முதுகுக்கு நேர் பின்னால் மட்டும் ஒரு சிறு மறைவு. காது தனித்தனியே திரும்பும். மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனிதன் நடந்துபோன சுவட்டைக்கூட வெகுநேரம் கழித்து மோப்பம் பிடித்துவிடும். ஆனால் ஆகாயத்திலிருந்து ஆபத்து வரும் என்று அது அதிகம் எதிர்பார்ப்பதில்லை. பதினைந்து, இருபது அடி உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவன் மானின் பார்வைக்கு மேலே போய்விடுகிறான். அவன் உடம்பின் வாடையும் தலைக்கு மேலாகக் காற்றோடு போய்விடலாம்.

'போய்விடலாம்' என்றுதான் சொன்னேன். காற்று யாருக்கும் அடிமையல்ல. காலை வெயில் ஏற ஏறக் காற்றும் மேலெழும். பரண்காரனுக்கு அது தோழன். சாயங்காலம் குளிரத் தொடங்கியதும் காற்று கனத்துக் கீழே இறங்கும். அவன் வாடையையும் கூடவே இறக்கிவிடும். கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு மாதிரி கடலோரப் பிரதேசங்களில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று. ராத்திரியில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. மதியம் சரியாக இருந்த மரம் நடுநிசியில் தப்பான மரமாகிவிடும்.

நம் தேசத்து மானுக்கு வேறொரு சௌகரியமும் உண்டு. வட இந்தியக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் புள்ளிமான் மந்தை பெரும்பாலும் கருமுகக் குரங்கு இருக்கிற மரத்தடியில்தான் மேயும். குரங்கு பாதி தின்று பாதி எறிகிற இலையும் பழமும் மானுக்கு விருந்து. மேலே இருந்து சிறுத்தையைக் கண்டால் குரங்கு கத்தும். கீழே வாடையை உணர்ந்தால் மான் கூவும். பரண் மேல் வில்லுடன் ஒளிந்திருப்பவனை மான் பார்க்காமற்போகலாம். மாடி வீட்டுக்காரர் பார்த்துவிடுவார்!

இனி வில்லுக்கு வருவோம். துப்பாக்கிக்காரன் இருநூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து சுட்டுவிட்டு வீடு போகலாம். வில்லாளிக்கு அது முடியாது. இருபது மீட்டர் தூரத்துக்குள் மான் வரவேண்டும், பக்கவாட்டில் நிற்கவேண்டும், அவன் நாணை இழுக்கிற கணத்தில் வேறெங்கோ பார்க்கவேண்டும். இத்தனையும் கூடிவந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். நாணின் ஓசை அம்புக்கு முந்திக்கொள்ளும்! ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மூங்கிலிலோ மரத்திலோ செய்த வில்லின் அம்பு 50 மீட்டர் போனால் அதிகம். இருபது மீட்டரில் நிற்கும் மானின் காதில் 'டங்' என்ற ஓசை விழுந்து ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்துத்தான் அம்பு வரும். அதற்குள் மான் என்ன செய்கிறது? குதிக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, குதிப்பதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. அம்பு முதுகுக்கு மேலே போய்விடுகிறது. 'தப்பித்தது' என்று மகிழ்கிறோம். ஆனால் பாதி தப்பித்த மானும் உண்டு. அதைப் பற்றித்தான் வேட்டைக் கதைகள் பேசுவதில்லை.

அம்பு, தோட்டாவைப் போல அதிர்ச்சியால் கொல்வதல்ல. இரத்தப் போக்கால் கொல்வது. நெஞ்சில் இரண்டு நுரையீரலையும் ஊடுருவினால் சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். உயரத்திலிருந்து செங்குத்தாக எய்தாலோ ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டு அம்பு வெளியே வந்துவிடும். ஆகையால் பரண் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவது தவறு. வயிற்றில் பட்டுவிட்டால் அந்தப் பிராணி மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து துடிக்கும். உடனே பின்தொடர்ந்தால் எழுந்து மேலும் ஓடும். பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. எனவே கைதேர்ந்த வில்லாளி எய்தபின் பரணைவிட்டு இறங்குவதில்லை. குறைந்தது அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். பிறகு இலை இலையாக இரத்தத் துளியைத் தேடி நடப்பான். எய்வது பாதி வித்தை. தேடுவது மீதிப் பாதி. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தேடத் தெரியாதவன் வில்லைத் தொடவே கூடாது.

மான் வேட்டைக்காரர்களுக்கு நம் இதிகாச புராணங்கள் நல்ல முடிவைத் தரவில்லை என்பதையும் பாருங்கள். பாண்டு மான் என்று எண்ணி ஒரு ரிஷியை எய்தான், சாபம் வாங்கிக்கொண்டான். ராமபிரான் ஒரு மானைத் துரத்திப் போனார். அதற்குள் சீதையைப் பறிகொடுத்தார். மரத்தடியில் சாய்ந்திருந்த கிருஷ்ண பரமாத்மாவின் பாதத்தை மானென்று நினைத்து ஜரா என்ற வேடன் எய்த அம்பில்தான் அவதாரமே முடிந்தது. துஷ்யந்த மகாராஜா ஒருவர்தான் மானைத் துரத்தி ஆசிரமத்துக்குப் போய்ச் சகுந்தலையைக் கண்டார். அந்தச் சந்தோஷமும் எத்தனை நாள்?

ஜராவின் பிழை இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. அங்கே துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று பல மாகாணங்களில் விதி. மனிதன் கண்ணுக்கு நெருப்பாய்த் தெரியும் அந்த நிறம் மானின் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஒருவரை ஒருவர் மானென்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே!

அந்த நாட்டில் வில் வேட்டை மறுபிறவி எடுத்த கதை சோகமானது. 1911-ல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பசியால் வாடிய ஒரு மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். 'யாஹி' என்ற பழங்குடியில் அவர் ஒருவரே மிச்சம். மற்றவர்களை வெள்ளைக்காரக் குடியேறிகளின் துப்பாக்கியும் பசியும் நோயும் தீர்த்துவிட்டிருந்தன. தம் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயால் காலமானார். போப் 1923-ல் வில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது அந்த நாட்டு வில்லாளிகளுக்குப் பாடப்புத்தகமாயிற்று. 1934-ல் விஸ்கான்சின் மாகாணம் வில்லுக்கென்றே மான் வேட்டைப் பருவம் ஒன்றை ஏற்படுத்தியது. 1969-ல் ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் இரு முனையிலும் கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லை முழுக்க இழுத்துப் பிடித்திருந்தால் கை நடுங்கும். இந்தக் கப்பி வில்லிலோ முழுக்க இழுத்தபின் பாரம் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். கிணற்றில் நீர் இறைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கப்பியின் மகிமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரணையும் அவர்கள் விடவில்லை. உலோகத்தில் செய்து, மரத்தோடு பட்டை போட்டுக் கட்டி, மடக்கி முதுகில் சுமந்து போகும்படி கடையில் விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே வேட்டைக்காரர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும் பகுதி, பரணிலிருந்து விழுந்து ஏற்படுவது! விடியற்காலை இருட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் வழுக்கும். உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறவர்களும் உண்டு. உடம்பு முழுவதும் வார் மாட்டி மரத்தோடு கட்டிக்கொள்ளும்படி அங்கே வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிறார்கள். கொலுப்பெட்டி இறக்குவதற்கு ஆடுகிற ஸ்டூலைப் போட்டு ஏறுகிற நமக்கும் யாராவது ஒரு வகுப்பு எடுத்தால் தேவலை.

வில்லின் பூர்வீகத்தைத் தேடினால் திருவள்ளூர்ப் பக்கமே திரும்பி வரவேண்டியிருக்கிறது. இன்று அந்த மாவட்டம் என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும் லாரி வரிசையும் புகைபோக்கிகளுந்தான் கண்ணில் நிற்கும். ஆனால் அதே மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு கிராமம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரியும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் 1863-ல் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்பாடு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டி ஆராய்ந்தபோது, அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று தெரிந்தது. 2011-ல் அந்த முடிவு வெளியாயிற்று. விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களுங்கூட அங்கே அகப்பட்டன. வேட்டைக்கு இவ்வளவு பழைய முகவரி இந்தியாவில் வேறு எங்கே?

ஆனால் அவர்களிடம் வில் இல்லை. கையால் பிடிக்கும் கல்தான். வில், அதற்கு வெகுகாலம் கழித்து வந்த சாதனம். இலங்கையில் பா ஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் சுமார் 48,000 ஆண்டுப் பழமையான அம்பு முனைகள் என்று 2020-ல் அறிஞர்கள் சொன்னார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய வில் சான்றுகளில் அது ஒன்று. அந்த வில்லாளிகள் அடித்தது பெரும்பாலும் மானையல்ல. மரத்தின் மேல் இருக்கிற குரங்கையும் அணிலையும். அங்கேயும் பரண் தலைகீழ்தான்!

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் வசிக்கும் இருளர்களுக்கு 'வில்லியர்' என்று இன்னொரு பெயர். வில்லை உடையவர் என்று பொருள். 1909-ல் வெளியான தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பெயரில் வில் இருக்கிறது, கையில் இல்லை. நெல் வயலில் எலி பிடிப்பது, தேன் எடுப்பது, மூலிகை சேகரிப்பது, பாம்பு பிடிப்பது என்று அவர்கள் வாழ்க்கை போயிற்று. பாம்புத் தோல் வியாபாரிகள் வாங்கிக்கொண்டிருந்தவரை அதிலும் காசு வந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. 1991-ல் சட்டத்தைத் திருத்தி, பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த கடைசிக் கதவையும் சாத்தினார்கள். வில்லானாலும் துப்பாக்கியானாலும் கண்ணியானாலும் ஒன்றுதான். வெளிமானைக் கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகம் போனால் 7 வருஷம் சிறை. 2006-ல் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு நிலத்திலும் தேனிலும் கிழங்கிலும் உரிமை தந்தபோதும், வேட்டை உரிமை கிடையாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

இந்தச் சட்டம் சரியா என்று கேட்பீர்கள். சரிதான் என்பேன். நாற்பது லட்சம் பேர் ஒரு காலத்தில் வாழ்ந்த நாட்டுக்கும், நூற்று நாற்பது கோடி பேர் வாழும் நாட்டுக்கும் ஒரே வேட்டை நியாயம் பொருந்தாது. ஆனால் மான்களை மிச்சம் வைத்தது வில்லியர். அழித்தது காட்டை வெட்டினவர்களும், ஜீப்பில் விளக்கு வைத்துச் சுட்ட கனவான்களும். தண்டனை மட்டும் இரு தரப்புக்கும் சமமாகக் கிடைத்தது. வில்லை வாங்கி வைத்துக்கொண்ட சர்க்கார் பதிலுக்குக் கையில் என்ன கொடுத்தது? திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாய் மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் எத்தனை என்று பத்திரிகைச் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

வயல் காக்கும் பரணும் குறைந்துகொண்டு வருகிறது. ராத்திரி முழுவதும் விழித்திருந்து தகரம் தட்ட இப்போது யாருக்குப் பொழுது? காட்டோரத்துச் சில நிலங்களில் அதற்குப் பதிலாகத் திருட்டு மின்சாரக் கம்பி. பரண் மேல் இருந்தவனுக்குக் கண் உண்டு. பன்றி எது, பசு எது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எது என்று பார்த்துக் கல்லெறிவான். கம்பிக்குக் கண் கிடையாது. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் மூன்று யானைகள் ஒரே கம்பியில் செத்தன.

இருளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வேறு வழி பிறந்தது. 1978-ல், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சர்க்கார் அனுமதியோடு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வருவார்கள். விஷத்தை எடுத்துக்கொண்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, சில வாரங்களில் மறுபடி காட்டிலே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. இந்தியாவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு ஊசி போட்டாலும் அதில் வில்லியர் கைவேலை இருக்க மிகவும் இடமுண்டு.

2017-ல் இதையும் மிஞ்சிய ஒன்று நடந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்துச் சதுப்பு நிலத்தில், வீட்டில் வளர்த்துத் தப்பவிட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி, அங்கே இருந்த முயல், மான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ பேர் தேடியும் கண்ணில் படுவதில்லை. அதற்காகச் செங்கல்பட்டுச் சீமையிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் விமானம் ஏறிப் போனார்கள். எய்தபின் பரணிலிருந்து இறங்கி இலை இலையாய்த் தேடும் வித்தையைச் சொன்னேனே, அதே கண்தான். புல் சாய்ந்திருக்கும் விதம், மண்ணில் ஒரு வழவழப்பு, உதிர்ந்த ஒரு செதில் ஆகியவற்றைப் பார்த்தே மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பூண்டி நீர்த்தேக்கத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. அங்கே தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று 1985 முதல் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அத்திரம்பாக்கத்துப் பக்கத்துக் கற்கோடரிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்.